வேரடிக் குடித்தனம்

1910-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு விசித்திரமான ஒரு மசோதா வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து லூசியானா மாநிலத்தின் சதுப்பு ஓடைகளில் விடவேண்டும். இப்படி வெளிநாட்டு விலங்குகளை இறக்குமதி செய்ய 2,50,000 டாலர் ஒதுக்கவேண்டும். கொண்டுவந்தவர் அந்த மாநிலத்தின் உறுப்பினர் ராபர்ட் புரூசார்ட். மனிதர் விளையாடவில்லை. லூசியானாவின் ஓடைகளைத் தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மிதவைச் செடி அடைத்துக்கொண்டிருந்தது. படகு போக வழியில்லை, மீனுக்கு மூச்சுவிடக் காற்றில்லை. நாட்டில் இறைச்சித் தட்டுப்பாடு வேறு. செடியை நீர்யானை தின்னட்டும், நீர்யானையை மக்கள் தின்னட்டும் என்று கணக்குப் போட்டார்கள். நீர்யானை பகலெல்லாம் தண்ணீரில் கிடந்தாலும் இரவில் கரையேறிப் புல் மேய்கிற பிராணி என்பதை யாராவது எடுத்துச் சொன்னார்களா, தெரியவில்லை. எப்படியோ, மசோதா நிறைவேறவில்லை.

அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, லூசியானாவுக்கு அடுத்த மாநிலமான மிசிசிப்பியில், பே செயின்ட் லூயிஸ் என்ற சிற்றூரின் சாக்கடைக் குட்டையில் அதே செடியை வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். விட்டது நாசா.

அந்தச் செடியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஏரியைப் பச்சைக் கம்பளமாக மூடி, இளம் ஊதாவில் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும். செய்தித்தாள்கள் பெரும்பாலும் இதை 'ஆகாயத்தாமரை' என்றே எழுதுகின்றன. உண்மையில் அந்தப் பெயருக்கு உரிய செடி வேறு. அது காம்பில்லாமல், சின்ன முட்டைக்கோசு விரிந்ததுபோல் மிதக்கும். ஊதாப் பூப் பூப்பது வெங்காயத்தாமரை. அதன் இலைக்காம்பைக் கிள்ளிப் பார்த்தால் பெயர்க் காரணம் தெரிந்துவிடும். அடியில் வெங்காயம்போல் உப்பியிருக்கும். உள்ளே பஞ்சும் காற்றும்தான். அந்தக் காற்றே அதற்குத் தோணி. சூடான ஊரில், உரச்சத்து மிகுந்த நீரில், ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். இலங்கையில் 1909-இலேயே இதை ஒழிப்பதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். வங்காளம் 1936-இல் போட்டது. இரண்டு சட்டங்களையும் கடந்து செடி நன்றாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு கெட்ட பெயர் எடுத்த செடியிடம் நாசாவுக்கு என்ன வேலை?

அதற்கு விடை தண்ணீருக்குக் கீழே இருக்கிறது. ஒரு வெங்காயத்தாமரையைக் காம்பைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். மேலே ஒரு சாண் இலை. கீழே அதைவிட நீளமாக, ஈரக் கூந்தலைப்போல் கருநீல வேர்க்கற்றை தொங்கும். ஒவ்வொரு வேரிலும் பறவை இறகுபோல இருபுறமும் நூற்றுக்கணக்கான நுண்வேர்கள். விரலால் வருடினால் வழுவழுவென்றிருக்கும். சேறு, பாசி, குட்டி நத்தை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நெளியும் புழு எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். கலங்கல் நீர் நிரம்பிய கண்ணாடிப் பாத்திரத்தில் இந்தச் செடியை விட்டுவைத்தால், தூசும் மண்ணும் மெல்ல வேரில் படிய, நீர் தெளியத் தொடங்குவதைப் பார்க்கலாம். அதில் மந்திரம் எதுவுமில்லை. வடிகட்டித் துணி செய்கிற வேலைதான். இந்தத் துணிக்கு உயிர் உண்டு என்பது மட்டுமே வேறுபாடு.

நாசாவில் இதில் இறங்கியவர் பில் வால்வர்ட்டன். அதற்குமுன் அவர் ஃபுளோரிடாவில் அமெரிக்க ராணுவத்தின் ரசாயனக் குப்பைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தார். வியட்நாம் காடுகளின்மேல் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியை எக்லின் விமானப்படைத் தளத்தின் அருகே சோதித்திருந்தார்கள். அதன் எச்சம் அக்கம்பக்கத்து நீரில் கலந்திருந்தது. அங்கிருந்த சதுப்புச் செடிகள் அந்த நஞ்சை நீரிலிருந்து அகற்றிக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார். நாசாவுக்கும் ஒரு கவலை இருந்தது. விண்வெளியில் நெடுநாள் தங்குபவர்களின் கழிவுநீரை அங்கேயே தூய்மையாக்கிக் குடிக்கக் கொடுக்க வழி வேண்டும். அதைச் செடிகள் செய்யுமா? 1975-இல் வெளிவந்த அவருடைய அறிக்கைகளில் வெள்ளி, கோபால்ட், ஸ்ட்ரான்சியம், ஈயம், பாதரசம் ஆகியவற்றை வெங்காயத்தாமரை நீரிலிருந்து எடுத்துத் தன்னிடம் சேர்த்துக்கொள்வது பதிவாகியிருக்கிறது. பே செயின்ட் லூயிஸ் சாக்கடைக் குட்டையில் நாற்றம் அடங்கியது. பிறகு நாசா தன் மிசிசிப்பி ஆய்வு மையத்தின் சாக்கடையையே இந்தச் செடியிடம் ஒப்படைத்தது. (வீட்டுக்குள் தொட்டிச்செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று வாட்ஸாப்பில் சுற்றும் 'நாசா ஆய்வு' இருக்கிறதே, 1989-இல் வந்த அந்த ஆய்வும் இவருடையதுதான். மூடிய கண்ணாடிக் கூண்டில் கிடைத்த முடிவை, கதவும் சன்னலும் உள்ள நம் வீட்டுக்கு அப்படியே பொருத்தியது விற்பனைக்காரர்களின் கைங்கர்யம்.)

செடி நீரைச் சுத்தம் செய்கிறது. சரி, செடியில் எது செய்கிறது? இந்தக் கேள்வியை அறிவியல் உலகம் முன்பே கேட்கத் தொடங்கியிருந்தது. அதற்கு ஜெர்மனிக்குப் போகவேண்டும்.

வட ஜெர்மனியின் ஏரிக்கரை ஊர் ப்ளோன். அங்குள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கேத்தே சைடல் என்ற தாவரவியலாளர் கோரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1955-இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே 'பின்னற்கோரை' என்று பொருள்படும். பத்தமடைப் பாய்க்குத் தாமிரபரணிக் கரைக் கோரை எப்படியோ, அப்படி அந்த ஊரில் கூடைக்கும் நாற்காலி இருக்கைக்கும் உதவிய ஏரிக்கோரை அது. பாய்முடைகிறவர்கள் அறுத்துப் போகிற புல்லை அவர் வேறு கண்ணால் பார்த்தார். 1950-களின் தொடக்கத்தில் அதைக் கழிவுநீரில் நட்டு வளர்த்தார். பீனால் கலந்த தொழிற்சாலை நீரிலும் கோரை பிழைத்தது. பிழைத்ததோடு, நீரிலிருந்த பீனாலும் குறைந்தது.

கழிவுநீர்ப் பொறியாளர்கள் அவரை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. காங்கிரீட் தொட்டி, காற்றூதும் இயந்திரம், மின் மோட்டார் இவையே சுத்திகரிப்பு நிலையம் என்று பழகியவர்களிடம் ஒரு பெண் புல்லைக் காட்டினால் என்ன ஆகும்? ஆனாலும் யோசனை பரவியது. நெதர்லாந்தில் லெலிஸ்டாட் பகுதியில் 1967-இல் ஒரு முகாம் திடலின் கழிவுநீருக்காக நட்சத்திர வடிவில் நாணல் குளம் வெட்டினார்கள். சைடலோடு பணியாற்றிப் பின்னர் தனி வழியில் போன ரைன்ஹோல்ட் கிக்குத், ஜெர்மனியின் ஓத்ஃபிரெசன் ஊரில் 1974-இல் முழு அளவிலான நாணல் படுகை அமைத்தார். கழிவுநீர் குளமாக நிற்காமல், நாணல் வேரோடிய மண்ணுக்குள் ஊடுருவிப் போகவேண்டும் என்பது அவர் முறை. அதற்கு 'வேர்மண்டல முறை' என்று பெயர்.

கிக்குத்தின் விளக்கம் கேட்க அழகாக இருந்தது. நாணலின் தண்டு உள்ளீடற்றது. அந்தக் குழாய் வழியே இலையிலிருந்து வேருக்குக் காற்று இறங்குகிறது. வேர் அந்த ஆக்சிஜனைச் சுற்றியுள்ள மண்ணுக்குக் கசியவிடுகிறது. அதைக் கொண்டு பாக்டீரியாக்கள் அழுக்கைத் தின்கின்றன. வேர் வளர வளர மண்ணும் இளகி, நீர் தங்குதடையின்றி ஓடும். பாதி சரி. சேற்றில் நிற்கும் செடிகள் வேருக்குக் காற்றனுப்புவது உண்மைதான். வயலில் நிற்கும் நெல்லும் அதைத்தான் செய்கிறது. ஆனால் அளந்து பார்த்தபோது, வேருக்கு வெளியே கசியும் ஆக்சிஜன் சாக்கடையின் பசிக்குச் சோளப்பொரி அளவுக்குத்தான் இருந்தது. களிமண்ணும் இளகவில்லை. ஐரோப்பாவில் பல படுகைகளில் மண் அடைத்துக்கொள்ள, கழிவுநீர் மேலாகவே வழிந்தோடியது. 1980-களின் நடுவில் நாணல் படுகைகளைக் கட்டத் தொடங்கிய ஆங்கிலேயர்கள் மண்ணைக் கைவிட்டு ஜல்லிக்கு மாறினார்கள். இன்று உலகெங்கும் நடைமுறையில் இருப்பது ஜல்லிதான்.

டென்மார்க்கின் ஹான்ஸ் பிரிக்ஸ் 1997-இல் ஒரு கட்டுரை எழுதினார். 'இந்தப் படுகைகளில் செடிகளுக்கு ஏதேனும் பங்கு உண்டா?' என்பதுதான் அதன் தலைப்பு. வாழ்நாளெல்லாம் நீர்ச்செடியோடு கழித்தவர் இப்படிக் கேட்பதற்கு நெஞ்சில் துணிவு வேண்டும். உண்டு என்றுதான் அவர் சொன்னார். ஆனால் அந்தப் பங்கின் பெரும்பகுதி, செடி அங்கே நிற்பதாலேயே கிடைப்பது. வேர் ஜல்லியைப் பற்றிக்கொள்கிறது. நீரின் வேகத்தைத் தணித்து வண்டலைப் படியவைக்கிறது. குளிர்நாட்டில் பனியிலிருந்து படுகையைப் போர்த்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாக்டீரியா ஒட்டிக்கொள்ள இடம் தருகிறது. நாம் துப்புரவுத் தொழிலாளி என்று நினைத்த செடி, உண்மையில் வீட்டு உரிமையாளர். வேலை செய்வது குடித்தனக்காரர்கள்.

கல்வாழை நட்டு இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு ஜல்லிப் படுகையில் ஒரு முழம் தோண்டினால் இந்தக் குடித்தனத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். மேலே உள்ள ஜல்லி காய்ந்து சாம்பல் நிறத்தில் இருக்கும். நாலு விரற்கடை கீழே போனால் ஈரம். அதற்கும் கீழே ஒவ்வொரு கல்லுக்கும் வழுவழுப்பான உறை ஒன்று போட்டிருக்கும். வெள்ளை வேர்கள் கல்லிடுக்கில் நுழைந்து போயிருக்கும். அவற்றை ஒட்டிய உறை பழுப்பு, எட்ட இருக்கும் கல்லில் கறுப்பு. பழுப்பு இருக்கும் இடத்தில் கொஞ்சம் ஆக்சிஜன் உண்டு. கறுப்பு, ஆக்சிஜன் அற்ற இடத்தின் அடையாளம். முகர்ந்தால் பழுப்பில் மழைமண் வாசனை, கறுப்பில் அழுகிய முட்டை.

இந்த இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. சாக்கடையில் நைட்ரஜன் பெரும்பாலும் அமோனியாவாக வருகிறது. உழவர்கள் தழைச்சத்து என்று சொல்வது நைட்ரஜனைத்தான். பழுப்புப் பகுதியின் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைச் சேர்த்து அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் நகர்ந்து கறுப்புப் பகுதிக்குப் போனால், அங்கே ஆக்சிஜனுக்காகத் தவிக்கும் வேறொரு கூட்டம் நைட்ரேட்டிலிருந்து அதைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது வெறும் நைட்ரஜன் வாயு. அது குமிழாகிக் காற்றோடு போய்விடும். காற்றில் ஐந்தில் நாலு பங்கு அதுதான், ஒருவருக்கும் தொந்தரவில்லை.

அழுக்கு எவ்வளவு போயிற்று என்று எப்படி அளப்பது? அழுக்கை எடை போடுவதில்லை. பாக்டீரியாவின் பசியை அளக்கிறார்கள். ஒரு குப்பி நீரை மூடி இருட்டில் வைத்தால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும்போது எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன என்ற கணக்குதான் பி.ஓ.டி. மேலைநாடுகளில் 20 டிகிரி வெப்பத்தில் 5 நாள் வைப்பார்கள். நம் ஊர் சூட்டுக்கு ஏற்ப இந்தியாவில் 27 டிகிரி, 3 நாள். வீட்டுச் சாக்கடையில் இது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் என்ற அளவில் இருக்கும். ஆற்றிலோ ஏரியிலோ விடுவதற்கு நம் நாட்டின் பழைய பொது வரம்பு 30. நன்றாகக் கட்டி, ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிற செடிப்படுகை இந்த வரம்புக்குள் இறங்கிவிடும்.

மணிச்சத்தில், அதாவது பாஸ்பரசில்தான் சிக்கல். அதற்கு வாயுவாகப் பறந்துபோகும் வழியில்லை. கல்லில் ஒட்டலாம், சேற்றில் படியலாம், செடிக்குள் ஏறலாம். எங்கே போனாலும் அது அங்கேயேதான் இருக்கும். உலோகங்களும் அப்படியே. வெங்காயத்தாமரை ஈயத்தை எடுத்துக்கொண்டது என்றால் ஈயம் ஒழிந்துபோகவில்லை, இப்போது செடிக்குள் இருக்கிறது. செடி செத்து அழுகிக் குளத்தின் அடியில் இறங்கினால், வாங்கியதையெல்லாம் திரும்பக் கொடுத்துவிடும். அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனையும் உறிஞ்சிவிடும். அப்போது குளம் முன்பு இருந்ததைவிட மோசம்.

ஆக, லூசியானாவில் வில்லனாக இருந்த செடியை மிசிசிப்பியில் நாயகனாக்கியது நாசாவின் பெயர் அல்ல. அறுவடை. அரிவாளோடு ஒருவர் வாராவாரம் வந்து, வளர்ந்ததை எடுத்து, கரையைத் தாண்டிக் கொண்டுபோகிற குளத்தில் அது வேலைக்காரச் செடி. யாரும் வராத குளத்தில் களை.

கேட்க எளிது. வெங்காயத்தாமரையில் 100 கிலோ அள்ளினால் அதில் 95 கிலோ தண்ணீர். அந்தத் தண்ணீரைச் சுமக்க யார் கூலி கொடுப்பது? சாண எரிவாயுக் கலனில் போடலாம், மக்கவைத்து உரமாக்கலாம், காம்பைக் காயவைத்துக் கூடை பின்னலாம். எல்லாம் நடக்கிறது, ஆனால் ஓர் ஏரி வளர்க்கிற வேகத்துக்கு எந்தக் கூடைக்காரராலும் ஈடுகொடுக்க முடிந்ததில்லை.

இந்தக் கணக்கு நேராக வந்த இடம் ஒன்று உண்டு. வங்கதேசத்தின் மிர்சாப்பூரில் குமுதினி மருத்துவமனை வளாகம் இருக்கிறது. 2,000 முதல் 3,000 பேரின் கழிவுநீர் அங்கே 0.6 ஹெக்டேர் குட்டைக்குப் போகிறது. பாம்புபோல் வளைந்து வளைந்து செல்லும் அந்த நீரின்மேல், மிளகாய் விதை அளவு இலைகளோடு வாத்துப்பாசி மிதக்கும். நீர் அதைக் கடக்க 20 நாள் போல ஆகும். வாத்துப்பாசிக்குத் தண்டு என்று ஒன்று கிடையாது; உடம்பு முழுக்க இலைதான், புரதம் மிகுந்த இலை. ஆட்கள் அதை வாரி எடுத்துப் பக்கத்துக் குளத்துக் கெண்டை மீன்களுக்குப் போடுவார்கள். மீன் விற்ற காசு, வாரியவர்களுக்குக் கூலியாகும். 1990-களில் இதை அளந்த ஆய்வாளர்கள், பி.ஓ.டி.யில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் நீங்கியதாகக் கண்டார்கள். அந்தப் பாசியை அள்ள யாரும் அரசாணை போடவில்லை. மீனுக்குப் பசித்தது, அள்ளினார்கள்.

கொல்கத்தாவின் கதை இதைவிடப் பெரிது. நகரின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேரில் விரிந்திருக்கும் ஈரநிலத்தில், மாநகரச் சாக்கடையைக் கொண்டு மீன் வளர்க்கிறார்கள். அந்தக் குளத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'பேரி'. வெயிலும் பாசியும் பாக்டீரியாவும்தான் அங்கே முதன்மைத் துப்புரவாளர்கள். ஆனால் கரையோரமாக மூங்கில் கட்டி, அதற்குள் வெங்காயத்தாமரையை அடைத்து வைத்திருப்பார்கள். அது அலையிலிருந்து கரையைக் காக்கும். வேரில் அழுக்கையும் உலோகத்தையும் பிடித்துவைக்கும். மூங்கிலைத் தாண்டி நடுக்குளத்துக்கு வந்தால் பிடுங்கிவிடுவார்கள். நாசாவின் அறிக்கை எதையும் படித்து வந்த ஞானம் அல்ல இது. மாநகரச் சாக்கடை எங்கே போகிறது என்று தேடிப்போன அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ், இந்த மீனவர்களிடம் பாடம் கேட்டு, அதை உலகுக்கு எடுத்துச் சொல்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். 1992-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அந்த நிலத்தை மனைபோடவிடாமல் காத்தது. 2002-இல் அது ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் ஏறியது.

நம் பக்கத்தில் புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அதன் கழிவுநீர் முதலில் தரைக்கடியில் காற்றுப்புகாத தொட்டிகளில் செரித்து, பிறகு செடி நட்ட ஜல்லிப் படுகை வழியாக ஊர்ந்து, கடைசியில் வெயில்படும் குளத்தில் வந்து சேர்கிறது, அங்கிருந்து தோட்டத்துக்கு. அருகிலுள்ள ஆரோவில்லிலும் இத்தகைய படுகைகள் பல உண்டு. இவற்றில் மின்சாரம் அதிகம் தேவைப்படாது. இடம் தேவைப்படும். ஐரோப்பாவில் ஆளுக்கு 5 சதுர மீட்டர் என்று கணக்கு. வெப்ப நாட்டில் குறைவு. ஆனாலும் மூன்று அடுக்கு வீடுகள் தோளோடு தோள் இடிக்கும் தெருவில் இதற்கு எங்கே போவது? மருத்துவமனை, கல்லூரி, ஊராட்சி, பண்ணைவீடு இவற்றுக்குத்தான் சரிப்படும். சென்னையின் சாக்கடையைக் கல்வாழை பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

இன்னொன்றையும் நம்பவேண்டாம். திருப்பூர்ச் சாயக்கழிவுக்கு நாணல் நடலாமே என்று அவ்வப்போது யோசனை வரும். சாயத்தின் நிறத்தைச் செடிப்படுகை ஓரளவு குறைக்கும். உப்பை? சாயம் பிடிக்கப் போடுகிற உப்பு, சோடியமும் குளோரைடும் சல்பேட்டுமாக நீரில் கரைந்து வருகிறது. பாக்டீரியாவுக்கு அது உணவல்ல; செடிக்கு அது பகை. போதாததற்கு, இலைகள் நீரை ஆவியாக்கிவிடுவதால் படுகைக்குள் போன நீரைவிட வெளியே வரும் நீரில் உப்பு கூடியே இருக்கும். 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச்சொன்ன பிறகு, அங்கே வேறு வழியின்றி சவ்வூடு வடிகட்டலுக்கும் ஆவியாக்கிகளுக்கும் போகவேண்டியிருந்தது. செலவு அதிகம்தான். ஆனால் உப்பைப் பிரிக்க அதுவே வழி.

செடியிடம் கழிவுநீரை ஒப்படைப்பது நமக்குப் புதிதல்ல. துவைக்கிற கல்லடித் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்கும் சேம்புக்கும் விட்ட கிணற்றடிகள் நம்மிடம் இருந்தன. அங்கே வேரும் பாக்டீரியாவும் செய்தது இதே வேலைதான், அறுவடைக்கும் பஞ்சமில்லை. வாழை இலையும் சேப்பங்கிழங்கும் வீட்டுக்குள் வந்துவிடும்.

அடுத்த முறை உங்கள் ஊர் ஏரியில் பொக்லைன் இறங்கி 'ஆகாயத்தாமரை'யை அள்ளும் படம் செய்தித்தாளில் வந்தால், இயந்திரத்தைப் பார்க்கவேண்டாம். அள்ளியதை எங்கே கொட்டுகிறார்கள் என்று பாருங்கள். கரையிலேயே குவித்திருந்தால் ஊராட்சித் தலைவரிடமோ கவுன்சிலரிடமோ ஒரு வார்த்தை சொல்லுங்கள்: அது அழுகி, முதல் மழையில் கரைந்து, அதே ஏரிக்குள் இறங்கும், அடுத்த செடிக்கு அதுதான் உரம்.